மட்டிக் கணக்கில் ஆற்றின் பங்கு: பழவேற்காடு ஏரியின் மட்டி வளம் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் கேள்வியும்

மட்டி, மண்ணில் புதைந்து வாழும் இரட்டை ஓட்டு உயிரி. மண்ணுக்கு மேலே இரண்டு குழாய்களை நீட்டி, ஒன்றால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியைச் செவுளில் வடித்து உண்டு, மற்றொன்றால் நீரை வெளியேற்றுகிறது. மண்ணில் இறங்கிய இடத்திலிருந்து அது அதிக தூரம் போவதில்லை. அதைப் பிடிக்கப் படகும் வலையும் கட்டாயமில்லை. முழங்காலளவு, இடுப்பளவு நீரில் காலால் தடவி, கையால் எடுத்துவிடலாம். முதல் இல்லாதவர்களுக்கும் இந்தத் தொழில் வாய்ப்பதற்கு இதுவே காரணம். ஒரு திட்டை மிக விரைவாக வெறுமையாக்கிவிட முடிவதற்கும் இதுவே காரணம்.

தமிழ்நாட்டின் வட எல்லையிலும் ஆந்திரத்தின் தென் எல்லையிலுமாகப் பரந்திருக்கும் பழவேற்காடு ஏரியில் மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்னும் மட்டியினம் பல தலைமுறைகளாக எடுக்கப்பட்டுவருகிறது. சதை உணவுக்கும் ஓடு சுண்ணாம்புக்கும் போகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்கில், கடலைப் பார்க்காத மலையடிவாரத்தில் வடமாலபேட்டையும் புத்தூரும் நாராயணவனமும் இருக்கின்றன. நாராயணவனம் வழியாக ஓடும் ஆரணி ஆறுதான் பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி என்று இறங்கிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வடமேற்கிலிருந்து காலங்கி ஆறு வந்து சேர்கிறது. மட்டியைப் பற்றிய ஆய்வில் மலையடிவாரத்து ஆறு ஏன் இடம்பெற வேண்டும் என்பது போகப்போகத் தெளிவாகும்.

ஒரு மட்டிக் கூட்டம் பெருகுவதையும் சுருங்குவதையும் முதன்மையாகத் தீர்மானிப்பது எது? மனிதர் எடுக்கும் அளவா, அல்லது மட்டி வாழும் நீரா? மீன்வள அறிவியலின் வழக்கமான கருவிகள் எடுப்பின் அளவையே முதலில் பார்க்கப் பழகியவை. கடலுக்குள் இழுவலை போடும் மீன்பிடிக்கு அது பொருந்தலாம். உப்பங்கழியில் கையால் பொறுக்கப்படும் மட்டிக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. கூட்டம் எண்ணப்படும் முறை

மட்டிக் கூட்டத்தின் வரவும் செலவும் நான்கு இனங்களில் அடங்கும். புதிய இளமட்டிகள் வந்து சேர்வதும், இருப்பவை வளர்வதும் வரவு. இயற்கையாகச் சாவதும், எடுக்கப்படுவதும் செலவு.

இவற்றில் மிகக் கடினமானது முதலாவது. மட்டிகள் முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுகின்றன. ஒரு பெண் மட்டி ஒரு பருவத்தில் விடும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் இளம்புழு, நீரின் வெப்பத்தையும் உணவையும் பொறுத்து ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை நீரில் மிதந்து, பிறகு தகுந்த மண்ணில் இறங்கும். இந்த மிதவைக் காலத்தில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. லட்சத்தில் ஒன்று பிழைப்பதற்குப் பதில் இரண்டு பிழைத்தால் அடுத்த ஆண்டின் புதுவரவு இரட்டிப்பாகும். ஒன்றும் பிழைக்காவிட்டால் தாய் மட்டி எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே, தாய்க் கூட்டத்தின் அளவுக்கும் வந்துசேரும் இளமட்டிக்கும் இடையே நேர்விகித உறவை எதிர்பார்க்க முடியாது.

வளர்ச்சியைக் கணக்கிட, லுட்விக் ஃபான் பெர்டலன்ஃபி 1938இல் முன்வைத்த வளர்ச்சிச் சமன்பாடு பயன்படுகிறது. இளமையில் வேகமாகவும் வயதாக ஆக மெதுவாகவும் வளர்ந்து, ஓர் உச்ச நீளத்தை நெருங்கும் வளைகோடு அது. குளிர்நாட்டு மட்டிகளின் ஓட்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழும்; அவற்றை எண்ணி வயதை அறியலாம். வெப்ப மண்டலத்தில் வளையம் விழுவது குளிர்காலத்தால் மட்டுமல்ல. வெள்ளத்தாலும், முட்டையிடுவதாலும், நீரின் உப்பு மாறுவதாலும் விழும். அதனால் இந்தியக் கரைகளில் வேறொரு வழி வழக்கமானது. மாதந்தோறும் நூற்றுக்கணக்கான மட்டிகளின் நீளத்தை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று படம் வரைந்து, அதில் தெரியும் மேடுகள் மாதத்துக்கு மாதம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்ப்பது அது. சென்னை அடையாறு கழிமுகத்து மெரெட்ரிக்ஸ் காஸ்டாவைப் பற்றிய 1950களின் ஆய்வு தொடங்கி, காக்கிநாடா வளைகுடாவின் ரத்த மட்டியான அனடாரா கிரனோசாவை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. ஏ. நரசிம்மம் 1980களில் ஆராய்ந்ததுவரை இந்தியக் கிழக்குக் கரையின் மட்டி அறிவு பெரும்பாலும் இத்தகைய பொறுமையான அளவெடுப்பின் பலன். 1980களில் டேனியல் பாலி மணிலாவில் உருவாக்கிய கணினி முறை இந்த நகர்வைத் தானாகக் கண்டறியத் தொடங்கியது. கணினியும் அளவுகோலும் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடிய ஆய்வாக அது மாறியது.

அதே நீளப் படத்திலிருந்து மொத்த இறப்பு வீதமும் பெறப்படுகிறது. ஆண்டுக்கு இறப்பு வீதம் 1.5 என்றால், நூறு மட்டிகளில் ஏறக்குறைய 22 ஓராண்டு கழித்து உயிரோடிருக்கும். வீதம் 3 என்றால் 5 மட்டுமே இருக்கும். இந்த மொத்த இறப்பிலிருந்து இயற்கை இறப்பைக் கழித்தால் மிஞ்சுவது எடுப்பு. எடுப்பு மொத்த இறப்பில் பாதியைத் தாண்டினால் அந்த வளம் அளவுக்கு மீறி எடுக்கப்படுகிறது என்பது ஜான் கல்லண்ட் 1971இல் கூறிய எளிய விதி. இந்தியாவில் வெளியான மட்டி ஆய்வுகள் பலவற்றின் இறுதி முடிவு இந்த விகிதமாகவே இருக்கும்.

3. கணக்கின் பலவீனமான கண்ணி

இந்த முறையில் மொத்த இறப்பு அளந்து பெறப்படுகிறது. இயற்கை இறப்போ பெரும்பாலும் ஊகித்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஊகத்துக்கு அதிகம் பயன்படுவது பாலி 1980இல் வெளியிட்ட சூத்திரம். வளர்ச்சி வேகம், உச்ச நீளம், நீரின் வெப்பம் மூன்றையும் கொண்டு இயற்கை இறப்பைச் சொல்லும் அந்தச் சூத்திரம் 175 மீன் கூட்டங்களின் தரவிலிருந்து கட்டப்பட்டது. அவை அனைத்தும் நீந்தும் மீன்கள். வெள்ளம் வந்தால் விலகிப்போக முடியாத, மண்ணில் புதைந்த உயிருக்கு அதை நீட்டிப்பது எவ்வளவு சரி என்று பெரும்பாலான ஆய்வுகள் கேட்பதில்லை.

இதன் விளைவு சிறிதல்ல. ஒரு கற்பனைக் கூட்டத்தில் மொத்த இறப்பு வீதம் 3 என்று கொள்வோம். சூத்திரம் இயற்கை இறப்பை 1 என்றால், எடுப்பு 2, விகிதம் 0.67, தீர்ப்பு: அளவுக்கு மீறிய எடுப்பு. உண்மையில் இயற்கை இறப்பு 2 ஆக இருந்தால், எடுப்பு 1, விகிதம் 0.33, தீர்ப்பு: இன்னும் எடுக்கலாம். அதே மட்டி, அதே அளவுகோல், அதே பன்னிரண்டு மாதத் தரவு. ஊகம் ஒன்று மாறியதும் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. இயற்கை இறப்பு ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடக்கிறது என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. உப்பங்கழியில் மட்டி அப்படிச் சாவதில்லை. பல மாதங்கள் மிகச் சிலவே சாகும். பிறகு ஒரு பெருவெள்ளத்தின் இரண்டு வாரத்தில் திட்டே வெளுத்துப்போகும். மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாட்கள் நன்னீரைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. கர்நாடகக் கழிமுகங்களில் தென்மேற்குப் பருவமழையின்போது மட்டிகள் கூட்டங்கூட்டமாகச் சாவது நன்கு அறியப்பட்டது. இப்படி ஒரு மழைக்காலச் சாவு நிகழ்ந்த ஆண்டில் நீளத் தரவை எடுத்தால் மொத்த இறப்பு மிகக் கூடுதலாகத் தெரியும். சூத்திரம் தரும் இயற்கை இறப்பு மாறாமலே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் 'எடுப்பு' என்ற தலைப்பின்கீழ் போய் விழும். அதாவது, வெள்ளத்தில் செத்த மட்டிக்கான பழி பொறுக்குகிறவர்மேல் சுமத்தப்படும். இந்தியக் கிழக்குக் கரையில் மட்டி பொறுக்குகிறவர்களில் பலர் முதல் இல்லாத எளியவர்கள் என்பதை எண்ணிப்பார்த்தால், இது கணிதப் பிழையோடு முடியும் விஷயமல்ல என்பது விளங்கும்.

பிடிப்பின் அளவை வைத்து இருப்பை ஊகிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் மட்டி குறையாமல் இருந்தால் வளம் நன்றாக இருக்கிறது என்று கொள்வது வழக்கம். மட்டி திட்டுத்திட்டாக இருப்பது. ஒரு திட்டு தீர்ந்ததும் பொறுக்குபவர் அடுத்த திட்டுக்குப் போகிறார். கூடையின் கனம் குறைவதில்லை. கடைசித் திட்டு தீரும்வரை கணக்கில் சரிவு தெரியாது. தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

4. அஷ்டமுடி: விதி பலன் தந்த இடம்

மட்டி எடுப்புக்கு விதி வகுத்துப் பலன் கண்டதாக இந்தியாவில் எப்போதும் சுட்டப்படுவது கேரளத்தின் கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயல். அங்கே குட்டைக்கழுத்து மட்டி எனப்படும் பாஃபியா மலபாரிகா 1980களில் ஏற்றுமதிச் சரக்கானது. 1991இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 டன் எடுக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1993இல், அது பாதியாகச் சரிந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையின்படி விதிகள் வந்தன: இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கத் தடை, வலைக்கண் அளவுக்கு வரம்பு, ஏற்றுமதிக்குப் போகும் மட்டிக்குக் குறைந்தபட்ச அளவு, இயந்திரம் கொண்டு வாருவதற்குத் தடை. வளம் மீண்டது. பின்வந்த ஆண்டுகளில் பிடிப்பு மறுபடியும் 10,000 டன் அளவில் நின்றது. 2014 நவம்பரில், நிலைத்த மீன்பிடிக்கான எம்.எஸ்.சி. சான்று அஷ்டமுடி மட்டித் தொழிலுக்குக் கிடைத்தது; இந்தியாவில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் மீன்பிடி அதுவே. வியட்நாமின் பென் த்ரே மாகாணத்து மட்டித் தொழில் அதே சான்றை 2009இல் பெற்றிருந்தது.

இந்த வெற்றி உண்மையானது. அதை ஐயுறக் காரணமில்லை. ஆனால் அது எந்தச் சூழலில் கிடைத்தது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அஷ்டமுடியின் முகத்துவாரம் நீண்டகரையில் எப்போதும் திறந்தே இருக்கிறது. மட்டித் திட்டுகள் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள பகுதியில் செறிந்துள்ளன. கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் பகுதி அது. அங்கே நீரின் உப்பு பருவமழைக் காலத்தில் குறைந்தாலும் நீண்டகாலம் அற்றுப்போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கூட்டத்தின் சரிவுக்கு எடுப்பு முதற்காரணமாக இருந்தது. எடுப்பைக் கட்டுப்படுத்தியதும் மீட்சி கிடைத்தது. மூன்று மாதத் தடையும் குறைந்தபட்ச அளவும் முட்டையிடும் மட்டிகளை மிச்சம் வைத்தன. திறந்த முகத்துவாரம் அந்த முட்டைகளுக்கு ஏற்ற நீரை வைத்திருந்தது. விதியின் பயன் இந்த இரண்டாவதைச் சார்ந்தே வந்தது.

அண்மை ஆண்டுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அஷ்டமுடியில் மட்டி மறுபடியும் குறைந்தது. ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்தில் பொரித்து வளர்த்த இளமட்டிகளைக் காயலில் விதைக்க வேண்டிவந்தது. மாசும், வாழிடச் சிதைவும், தென் அமெரிக்காவிலிருந்து வந்தேறிய ஒரு கருமட்டியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எடுப்பு விதிகள் இவற்றில் எதையும் தடுக்கக்கூடியவை அல்ல.

கேரளத்திலேயே வேம்பநாட்டுக் காயல் இன்னும் வலுவான சான்று. அங்கு எடுக்கப்படும் கறுப்பு மட்டியான வில்லோரிட்டா சைப்ரினாய்டிஸ் குறைந்த உப்பில் வாழ்வது. எனினும் இனம் பெருக்க ஓரளவு உப்பு வேண்டும். குட்டநாட்டு நெல் வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமலிருக்க 1970களின் நடுவில் முடிக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை, காயலை இரண்டாகப் பிரித்தது. கதவுகள் மூடியிருக்கும் மாதங்களில் தென்பகுதி ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. தடுப்பணைக்குத் தெற்கே மட்டியின் நிலை மாறியதற்கு எடுப்பவர் எண்ணிக்கையை முதற்காரணமாகச் சொல்ல முடியாது.

5. பழவேற்காடு: நீர் தீர்மானிக்கும் இடம்

பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 60 கி.மீ.; சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. கடலோடு தொடர்பு மூன்று இடங்களில்: தெற்கே பழவேற்காட்டூரை ஒட்டி ஒரு முகத்துவாரம், வடக்கே ஆந்திரத்தில் ராயதொருவு, தூப்பிலிபாளையம். வடக்கு முகத்துவாரங்கள் மணல் மேடிட்டுப் பெரும்பாலும் அடைபட்டவை. தெற்கு முகத்துவாரமும் கரையோர மணல் ஓட்டத்தால் மாதக்கணக்கில் மூடிக்கொள்வதுண்டு. முகத்துவாரத்தைத் தாங்களே வெட்டித் திறப்பது மீனவர் நெடுங்காலமாகச் செய்துவருவது. அதை நிரந்தரமாகத் திறந்துவைக்கத் தமிழ்நாடு அரசு அலைத்தடுப்புச் சுவர் அமைக்கும் பணியை எடுத்துக்கொண்டதும் அவர்களுடைய நீண்டநாள் கோரிக்கையின் பலனே.

முகத்துவாரம் அடைபட்ட கோடையில் ஏரி வற்றத் தொடங்கும். ஆழம் குறைந்த நீர் வெயிலில் ஆவியாக, மிஞ்சும் நீரின் உப்பு கடல்நீரின் உப்பான ஆயிரத்துக்கு 35 என்ற அளவைத் தாண்டும். வடபகுதியில் அதற்கும் வெகுவாக மேலே போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து நிலை தலைகீழாகும். ஆரணியும் காலங்கியும் இறங்கும் இடங்களில் நீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். ஓராண்டுக்குள் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஊசலாடும் நீரில்தான் பழவேற்காட்டு மட்டி வாழ்கிறது. மெரெட்ரிக்ஸ் காஸ்டா உப்பு மாற்றத்தை மிகவும் தாங்கும் இனம். தாங்கும் இனமாக இருப்பதால்தான் அங்கே நிலைத்திருக்கிறது. எனினும் தாங்குவதும் பெருகுவதும் வெவ்வேறு. முதிர்ந்த மட்டி உயிர்தரிக்கும் உப்பளவு அகலமானது. இளம்புழு வளர்ந்து மண்ணில் இறங்கத் தேவையான உப்பளவு அதைவிடக் குறுகலானது. கூட்டத்தின் எதிர்காலம் அந்தக் குறுகலான அளவு எத்தனை வாரம் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

அது எத்தனை வாரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை பல. முதலாவது முகத்துவாரம். இரண்டாவது ஆரணி ஆறு. வடமாலபேட்டை, நாராயணவனம் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை பிச்சாட்டூரிலுள்ள ஆரணியாறு நீர்த்தேக்கத்தில் முதலில் தேங்குகிறது. நீர்த்தேக்கம் நிரம்பும்வரை கீழே வருவது சிறிதளவே. நிரம்பியதும் மதகுகள் திறக்கப்பட, ஊத்துக்கோட்டையிலும் பொன்னேரிப் பகுதியிலும் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. பொன்னேரியருகே லட்சுமிபுரத்திலும் ஏ. ரெட்டிப்பாளையத்திலும் உள்ள தடுப்பணைகள் நீரை மேலும் தடுத்து, பிறகு வழியவிடுகின்றன. மொத்த மழையளவு மாறாவிட்டாலும், அது ஏரியை வந்தடையும் விதம் இப்படி மாறிவிடுகிறது: பல வாரங்களாகச் சிறுகச்சிறுக வந்திருக்கக்கூடிய நீர், நீர்த்தேக்கம் நிறையும்வரை வராமலிருந்து, பின் சில நாட்களில் மொத்தமாக வருகிறது. விவசாயத்துக்கும் குடிநீருக்கும் அணை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மட்டிக்கு மிகப் பெரிய தீங்கு, மெல்லக் குறையும் உப்பைவிடச் சட்டென்று குறையும் உப்பே. மதகு திறக்கும் கால அட்டவணை மட்டி வளத்தின் ஒரு காரணி. எந்த மட்டி ஆய்விலும் அது ஒரு மாறியாகச் சேர்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்துக்குப் போகும் சாலை. ஏரியின் குறுக்கே மேடிட்டுப் போடப்பட்ட அந்தச் சாலை வடக்கு, தெற்கு நீரின் இயல்பான கலப்பைத் தடுக்கிறது. வடபகுதி கடும் உவர்ப்பாவதற்கு அடைபட்ட முகத்துவாரங்களோடு இதுவும் ஒரு காரணம். ஒரே ஏரி என்று பெயரிருந்தாலும், மட்டியைப் பொறுத்தவரை சாலைக்கு வடக்கே ஒரு நீர்நிலை, தெற்கே ஒரு நீர்நிலை. இரண்டிலும் எடுத்த மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி காண்பது பொருளற்றது.

இந்த ஏரியின் விலங்கினங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ், ஏரியின் உயிர்வளத்தை அதன் முகத்துவாரத்திலிருந்தும் நன்னீர் வரத்திலிருந்தும் பிரித்துப் பேசியதில்லை. மட்டிக் கணக்கில் அந்தப் பார்வை இன்னும் முழுமையாக நுழையவில்லை.

6. காக்கா ஆழி

எண்ணூர்க் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும் பழவேற்காட்டோடு நீர்வழியால் இணைந்தவை. அங்கே அண்மை ஆண்டுகளில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் கருநிற மட்டி பெருகியது. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் தென் அமெரிக்கக் கரைகள். அஷ்டமுடியில் வந்தேறியதும் இதுவே. கப்பல்களின் அடிப்பாரநீர் வழியாக அது வந்திருக்கக்கூடும் என்பது பொதுவான கருத்து. மண்ணின்மேல் ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்ததுபோல் படர்வது அதன் இயல்பு. அடியில் புதைந்திருக்கும் உள்ளூர் மட்டியான மஞ்சள் மட்டி மூச்சுக்கும் உணவுக்கும் குழாயை நீட்ட முடியாமல் போகிறது. இறால் மண்ணில் புதைய இடமில்லை. காலால் தடவிப் பொறுக்குபவருக்கும் வழியில்லை. மீனவர்கள் முறையிட்டதையடுத்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இனத்தொகை ஆய்வுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. காக்கா ஆழி படர்ந்த திட்டில் மஞ்சள் மட்டியின் பிடிப்பு வீழ்ச்சியடையும். எடுப்புப் புள்ளிவிவரம் மட்டும் கையில் உள்ள ஆய்வாளருக்கு அது அளவுக்கு மீறிய எடுப்பின் வடிவத்தையே காட்டும். காலால் மண்ணைத் தடவுபவருக்கோ முதல் நாளே காரணம் தெரிந்திருக்கும். இதேபோல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றில் பரவியபோது நிகழ்ந்த இறப்பும் எந்த நீளப் படத்திலும் தனியாகத் தெரியாது.

7. உருகுவாயின் நீண்ட தொடர்

எடுப்பா, சூழலா என்ற கேள்விக்கு உலகில் மிகத் தெளிவான விடை கிடைத்த இடங்களில் ஒன்று உருகுவாயின் அட்லாண்டிக் கரை. பார்ரா டெல் சூய் கடற்கரையில் மீசோடெஸ்மா மாக்ட்ராய்டிஸ் என்னும் மஞ்சள் நிற மட்டியைச் சிறு மீனவர்கள் மண்வெட்டியால் தோண்டி எடுக்கிறார்கள். ஒமார் டெஃபியோவும் அவருடன் இணைந்தவர்களும் 1980களிலிருந்து அதைத் தொடர்ந்து எண்ணிவருகிறார்கள். 1987 முதல் 1989 வரை 32 மாதங்கள் எடுப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. நிர்வாக நடவடிக்கையான அது ஒரு சோதனையாகவும் அமைந்தது. முதிர்ந்த மட்டிகள் பெருகின. ஆனால் அவை மிக நெருக்கமாகிவிட்ட இடங்களில் புதிய இளமட்டிகள் குறைந்தன. நெருங்கிய முதிர் மட்டிகள் இளையவற்றுக்கு இடமும் உணவும் விடவில்லை. எடுப்பை நிறுத்திவிட்டால் வளம் தானாக ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அது சான்று. ஓரளவு எடுப்பு கூட்டத்துக்கு நன்மையும் செய்யலாம்.

பிறகு 1994இல் அந்தக் கரையில் மட்டிகள் மொத்தமாக மாண்டன. அப்போது எடுப்பு கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. குளிர்நீரை விரும்பும் அந்த இனத்துக்கு, கடல் வெப்பமாகிவந்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தொழில் பல ஆண்டுகள் மூடப்பட்டு, மீனவரும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் முறையில் 2008 வாக்கில்தான் மறுபடியும் திறந்தது. அதே கரையில் ஆந்திரியோனி என்ற வெட்டுக்கால்வாய் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதற்கு அருகே மட்டி வகைகள் அடர்த்தி குறைந்தும், தள்ளிப்போகப்போகச் செறிந்தும் இருந்தன. வயலுக்கு வடிகாலாக வெட்டிய வாய்க்கால் கடற்கரை மட்டியின் எண்ணிக்கையை மாற்றியது என்ற இந்த முடிவு, ஆரணி ஆற்றின் மதகுகளைப் பற்றி எழுதப்பட்டதுபோலவே படிக்கத்தக்கது.

உருகுவாயில் இந்த விடைகள் கிடைத்ததற்குச் சூத்திரத்தின் நுட்பம் காரணமல்ல. ஒரே கரையில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் எண்ணியதே காரணம். பன்னிரண்டு மாத மாதிரியில் வெள்ளம் வந்த ஆண்டும் வராத ஆண்டும் ஒன்றாக இடம்பெற முடியாது.

8. எண்ணப்படாத கைகள்

பழவேற்காட்டில் வலை போடும் இடங்களைப் பகிர்ந்துகொள்ளப் பட்டினவ மீனவரிடையே 'பாடு' என்ற முறை நெடுங்காலமாக உண்டு. குலுக்கல் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாளும் இடமும் ஒதுக்கப்படும். உலகின் பிற பகுதிகளில் மீன்பிடி உரிமை பற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டும் அளவுக்கு ஒழுங்கான முறை அது. ஆனால் அது வலைகளுக்கானது. கையால் பொறுக்கும் மட்டி அதற்குள் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கையால் இறாலும் மட்டியும் தடவிப் பிடிக்கும் இருளரும், ஆந்திரப் பக்கத்தில் சூலூர்பேட்டை, தடா வட்டாரத்து யானாதியரும் பாடு முறைக்கு வெளியே இருப்பவர்கள். யானாதியரில் பலர் விண்வெளி மையம் அமைந்தபோது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பொறுக்குபவர்களில் பெண்கள் கணிசமானோர். அவர்கள் எடுக்கும் மட்டி வீட்டுச் சமையலுக்கோ, ஊர்ச் சந்தைக்கோ, கிளிஞ்சல் சுண்ணாம்புச் சூளைக்கோ போகிறது. மீன்பிடித் துறைமுகங்களில் மாதிரி எடுக்கும் புள்ளிவிவர முறையில் இதில் பெரும்பகுதி விழுவதில்லை.

கிளிஞ்சல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. சூளைக்குப் போவது உயிருள்ள மட்டியின் ஓடு மட்டுமல்ல. ஏரியின் அடியில் நூற்றாண்டுகளாகப் படிந்த பழைய ஓட்டுப் படிவமும் தோண்டி எடுக்கப்படுகிறது. ஓடுகளும் ஓட்டுத் துண்டுகளும் கலந்த அடிமண் கலங்கிச் சேறாகும்போது இளமட்டி இறங்கி வேரூன்றும் இடம் சுருங்குகிறது. இது எடுப்பா, வாழிடச் சிதைவா? இரண்டுக்கும் நடுவே விழும் இந்தச் செயல் வழக்கமான கணக்கில் எந்த இனத்தின்கீழும் வருவதில்லை.

கணக்கில் வராதவர்கள்மேல் விதியை இறக்குவது எளிது. மூன்று மாதத் தடையை அஷ்டமுடியிலிருந்து அப்படியே கொண்டுவந்தால், கரையில் சோதிக்கப்படுவது இருளப் பெண்ணின் கூடையும் யானாதிப் பெண்ணின் கூடையும்தான். அந்த மூன்று மாதத்தில் பிச்சாட்டூர் மதகு எப்போது திறக்கிறது என்பதையும் முகத்துவாரம் மூடியிருக்கிறதா என்பதையும் யாரும் சோதிக்கப்போவதில்லை. தடையே தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. முகத்துவாரம் திறந்து, உப்பு நிலையாக இருக்கும் தென்பகுதித் திட்டுகளில் சிறு மட்டியை விட்டுவைப்பது நிச்சயம் பயன் தரும். அந்த விதி பொறுக்குபவர்களோடு பேசி, திட்டுத்திட்டாக வகுக்கப்பட்டால் நிற்கும். வடபகுதித் திட்டுகளில் அதே விதி பட்டினியைத் தவிர வேறெதையும் தராமல் போகலாம்.

9. இயற்கைச் சாவைத் தனியாக எண்ணுதல்

எடுப்பையும் இயற்கைச் சாவையும் பிரித்தறியும் வழி சூத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. அது செலவு குறைந்ததும்கூட. எடுக்கப்பட்ட மட்டி ஓட்டோடு திட்டைவிட்டுப் போய்விடுகிறது. தானாகச் செத்த மட்டியின் இரண்டு ஓடுகளும் கீல் இணைப்பு அறும்வரை ஒட்டியபடியே மண்ணில் கிடக்கும். ஆகவே, ஒரு சதுர மீட்டர் சட்டத்துக்குள் உயிருள்ள மட்டிகளையும், ஒட்டியபடி கிடக்கும் வெற்று ஜோடி ஓடுகளையும் எண்ணினால், அண்மையில் இயற்கையாக இறந்தவற்றின் விகிதம் நேரடியாகக் கிடைக்கும். கனடாவின் ஸ்காலப் சிப்பிகளில் எல். எம். டிக்கி 1955இல் இந்த முறையைக் கையாண்டார்.

பழவேற்காட்டில் இதை மாதந்தோறும் செய்யத் தேவையானவை ஒரு மரச்சட்டம், ஒரு சல்லடை, உப்பை அளக்கும் ஒரு சிறு கருவி. திட்டுகளை அறிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். எண்ணுவதற்கு அவர்களுக்குக் கூலி தரப்பட வேண்டும். சாலைக்கு வடக்கிலும் தெற்கிலும், ஆரணி கலக்கும் இடத்திலும் முகத்துவாரத்தருகிலும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் முகத்துவாரத்தின் நிலையும், பிச்சாட்டூரிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரின் அளவும் குறிக்கப்பட வேண்டும். நீர்த்தேக்கத்தின் வெளியேற்றம் எப்படியும் பதிவாகிறது. வெள்ள எச்சரிக்கைக்காக மாநில எல்லையைத் தாண்டிப் பகிரவும்படுகிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். கீல் இணைப்பு அறுவதற்கு எத்தனை நாளாகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த நீரில் அது குளிர்கடலைவிட விரைவில் அழுகும். அதற்காக, செத்த மட்டிகளை அடையாளமிட்டு வலைப்பைகளில் கட்டி, கோடையிலும் மழைக்காலத்திலும் தனித்தனியாகத் திட்டில் புதைத்துவைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஓடுகள் பிரியும் நாளைக் குறிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை கிடைத்த பிறகே ஜோடி ஓடுகளிலிருந்து ஆண்டு இறப்பு வீதத்தைக் கணக்கிட முடியும்.